சாமியார் தாண்டிப்போன கதவு

கதவில் யாரோ கீறும் சத்தம் கேட்டது.

கயேத்தன் பீட்ரூட் சூப்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் பூனை போல நடந்துபோய்க் கதவு லென்ஸில் கண்ணை வைத்தேன்.

எதிர்வீட்டு ஒத்திலியா அம்மாள். முக்காலி மேல் ஏறி நின்று எங்கள் கதவில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

நினைத்தேன். இந்த அம்மாளேதான்.

பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களைக் குடும்பமாகப் பதிய மாட்டேன் என்றது போலந்து அரசு. நாங்கள் அதை ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு இழுத்தோம். டிவியில் எங்கள் முகம் வந்த வாரமே யாரோ இதே கதவில் பெயிண்டால் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனார்கள். போலீஸ் வந்து போட்டோ எடுத்தது, அதோடு சரி. நாங்களே தேய்த்து அழித்தோம்.

எங்கள் மாடியைக் காட்டிக்கொடுத்தது யார்?

நாங்கள் படியேறும்போதெல்லாம் ஒத்திலியா அம்மாளின் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும். ஒருநாளும் சர்ச் பூசை தவறாதவர். எங்கள் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொல்லாதவர். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

"கேஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உசிரோட இருந்தா போதும்டா" என்று கயேத்தன் தினமும் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

போன வாரம், குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். சர்ச் சாமியார் வீடு வீடாக வந்து மந்திரித்து, ராஜாக்களின் முதலெழுத்துகளான K, M, B-யைச் சாக்பீஸால் கதவுகளில் எழுதிவிட்டுப் போனார். எங்கள் கதவை மட்டும் பார்க்காதது போலத் தாண்டிப் போனார். கட்டடத்தில் எழுத்து இல்லாத ஒரே கதவு எங்களுடையது.

நான் கதவை வெடுக்கென்று திறந்தேன். ஒத்திலியா அம்மாள் தடுமாறி நிலையைப் பிடித்துக்கொண்டார். கையில் சாக்பீஸ். கதவில் K, M என்று இரண்டு எழுத்துகள்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"கத்தாத தம்பி. மத்தியானம் கீழ ஊருக்குப் புதுசா நாலு தடியனுங்க வந்து நின்னானுங்க. சாமியார் எழுதாத கதவு எதுவோ அதான் அந்த ரெண்டு பேர் வீடுன்னு பேசிக்கிட்டானுங்க. இருட்டினதும் வருவானுங்களாம்."

என் பின்னால் கயேத்தன் கரண்டியோடு வந்து நின்றான்.

அவர் கதவை மறுபடி தன் பக்கம் இழுத்துப் பிடித்து, B எழுத்தையும் நிதானமாக எழுதி முடித்தார். பிறகு முக்காலியிலிருந்து இறங்கினார்.

"நீங்க வாழற வாழ்க்கை பாவம்தான். அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது" என்றார். "உள்ள போயி தாழ்ப்பாள் போடுங்க."

"எல்லாக் கதவுலயும் எழுத்து இருந்தா, ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பானுங்களேம்மா?" என்று கேட்டான் கயேத்தன்.

அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன்.

மேல்பக்கம் ஈரத்துணியால் துடைத்த தடம். எழுத்து ஒன்றுகூட இல்லை.