காசிநாதனின் பிரஷ்

கொட்டாரக்குடியில் சொத்தைப் பல் ஒழிந்து முப்பது வருஷம். அந்த ஊர் எறும்புக்குக்கூடப் பல் பளிச்சென்று இருக்கும்! காலை ஆறு மணிக்கு, பஞ்சாயத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்த பேசும் பிரஷ் அவரவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். மூன்று நாள் தேய்க்காவிட்டால் ஆட்கள் வந்து விசாரிப்பார்கள்.

புருஷன் செத்த பிறகும் மரகதவல்லி அவர் பிரஷ்ஷாலும் தினமும் தன் பல்லை இன்னொரு முறை தேய்த்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது.

பல் பார்க்க வந்த பஞ்சாயத்து ஊழியர் ரெஜினா கண்டுபிடித்துவிட்டாள். “என்னக்கா இது? அண்ணன் போய் அஞ்சு மாசமாச்சே. உங்க ஈறு என்னத்துக்கு ஆகும்?”

“தேய்க்கலைன்னா பேரை எடுத்துடுவீங்களே. அப்புறம் ‘காசிநாதன், வாங்க’ன்னு அவரை யாரு கூப்பிடுவா?”

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டே பேரை நீக்கினாள். விதி அப்படி.

மறுநாள் காலை மரகதவல்லியின் பேர் மட்டும் வந்தது. அடுத்த பேருக்காக அவள் வெயில் ஏறும்வரை காத்திருந்தாள்.