லாமாவும் அணையும்

"கணக்கு, வரைபடமெல்லாம் வேண்டாம் இன்ஜினியரம்மா. ஊர்க்காரங்ககிட்ட பேசின மாதிரியே சொல்லுங்க," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

எடெல்மிரா வரைபடத்தைச் சுருட்டி வைத்தாள். வரைபடத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர்கள்கூட அவள் உவமை சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சுரங்கக் கம்பெனி அவளை அந்த ஊருக்கு அனுப்பியதே அதற்காகத்தான்.

"சுரங்கக் கழிவைத் தேக்குற அணை, நம்ம மலையில மூட்டை சுமக்குற லாமா மாதிரி. சுமை கூடினா திடுதிப்புனு விழாது. முதல்ல முனகும், அப்புறம்தான் உட்காரும். அணையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பிள்ளைகுட்டியோட கிளம்ப நேரமிருக்கும்."

"கேட்டவங்க என்ன செஞ்சாங்க?"

"சிரிச்சாங்க. கை தட்டினாங்க."

"எத்தனை பேர்?"

"அறுபத்திரண்டு பேர்."

மேசைக்குப் பின்னால் இருந்த நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "அணை உடைஞ்சு ஊரை மூட எவ்வளவு நேரமாச்சு?"

"நாலு நிமிஷம், ஐயா."

பின்வரிசையில் கறுப்புச் சால்வை போர்த்திய ஃபெர்மினா எழுந்தாள். அந்த ஊரில் மிஞ்சிய மூவரில் ஒருத்தி.

"கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே மூட்டையெல்லாம் கட்டி வச்சிருந்தோம் மகளே," என்றாள். "நீ பேசினதைக் கேட்டுட்டுப் போய்த்தான் பிரிச்சோம்."