ஆறு தேசத்துச் சாயம்

"இன்னா சம்பந்தம், பாட்டிலு எல்லாம் பாதியா நிக்குது?"

பட்டுக்கடை முதலாளி பரமசிவம், சாயப் பட்டறை ஜன்னலில் வரிசையாக இருந்த ஆறு ஒயின் பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சாயக்காரர் திருஞானசம்பந்தம், நூல் சிட்டத்தைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"காத்துல போயிருக்கும் மொதலாளி. பட்டறை சூடு அப்படி."

"போன வாரம் நான் குடுத்தப்ப கழுத்து வரைக்கும் இருந்துது. நீயும் இதே பட்டறையிலதான் இருக்கற, நீ ஆவியா போகலியே?"

பெல்ஜியத்தில் ஒயின் கடை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்துவிட்டுப் போன பாட்டில்கள் அவை. சாதாரண ஜனங்கள் வாங்குகிற மலிவு விலைச் சரக்குதான். ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று ஆறு தேசத்து ஒயின். மூன்று சிவப்பு, மூன்று வெள்ளை. அந்தந்த ஒயினின் நிறத்திலேயே பெண்கள் கழுத்தில் கட்டுகிற பட்டுத் துண்டு வேண்டுமாம். எது எந்த ஊர் என்று தெரிவதற்காகக் கடைக் கணக்கப்பிள்ளை தமிழில் எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தார்.

சம்பந்தம் ஒரு வாரமாக ஒவ்வொன்றையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, நிறத்தைப் பார்த்துவிட்டு, பத்திரமாகப் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி வந்தார். வெள்ளை ஒயின் என்று பெயர்தான். ஒன்று இளநீர் மாதிரி, ஒன்று எலுமிச்சைச் சாறு மாதிரி, ஒன்று உருக்கிய நெய் மாதிரி. மூன்றையும் பட்டில் கொண்டுவருவதற்குள் மனிதருக்குக் கண் பூத்துவிட்டது.

"நான் தொடல மொதலாளி."

"ஆறு தேசத்துலயும் கொறைஞ்சிருக்குது. ஒரு நாட்டையும் நீ ஒதுக்கி வைக்கல. அந்தம்மா காலையில சாயம் பாக்க வர்றாங்க. நான் இன்னா சொல்லட்டும்? சாயக்காரன் ருசி பாத்துத்தான் சாயம் போடுவான்னு சொல்லட்டுமா?"

கல்யாணத்துக்கு முன்பு சம்பந்தம் திருட்டுச் சாராயம் குடித்தவர்தான். காமாட்சியம்மன் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகே முசரவாக்கத்து மாமனார் பெண் கொடுத்தார். மறுபடி தொட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். மதுவிலக்கை எடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சாயக்காரன் குடித்தான் என்றால் ஊர் உடனே நம்பிவிடும்.

"உங்க மாமனார் சந்தைக்கு வருவாரில்ல? அவராண்டயே கேட்டுடறேன்."

"வேணாம் மொதலாளி. எங்க வீடு ரெண்டாயிடும்."

முற்றத்தில் ஈரச் சிட்டங்களை உதறிக் கொண்டிருந்த அவர் மனைவி இந்திராணி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அவரு ஒரு சொட்டு குடிக்கல மொதலாளி. எந்தக் கோயில்ல வேணா நான் கற்பூரம் அணைக்கறேன்."

"நீ எப்பவும் கூடவே இருந்தியாம்மா?"

"இங்கியேதான் இருக்கறேன். மத்தியானம் அவரு சாப்புட்டுப் படுத்துக்கினாலும் நான் சிட்டத்துக்குக் காவலு."

சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி நம்புகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்? அதுவும் இந்த ஒரு வாரமாக இந்திராணி முகத்தில் தனிக் களை. சாயந்திரமானால் ஒரு பாட்டுக் கூட முணுமுணுக்கிறாள். குடிக்காத புருஷன் வாய்த்தால் பெண்கள் பாடத்தான் செய்வார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பரமசிவம் லேசில் விடுகிறவர் இல்லை. பட்டறை நீராவியில் இரண்டு சிவப்புப் பாட்டில்களின் சீட்டு உரிந்து விழுந்திருந்ததை அவர் கவனித்துவிட்டார். இரண்டையும் எடுத்து சம்பந்தத்தின் முன்னால் வைத்தார்.

"இதுல எது இத்தாலி, எது ஸ்பெயினு?"

சம்பந்தம் முறைத்து முறைத்துப் பார்த்தார். நிறம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. மோந்து பார்க்கக் கூட பயந்து மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தெரியலியே மொதலாளி. சீட்டு இருந்தப்ப சீட்டைப் பாத்தேன். கலரைத் தவிர வேற இன்னா தெரியும் எனக்கு?"

பரமசிவம் சிரித்துவிட்டார். "சரிப்பா, நம்பறேன். குடிச்சவனா இருந்தா ருசியை வச்சு இந்நேரம் சொல்லியிருப்பான். காத்துலயே போனதா இருக்கட்டும். நாளைக்கு வேலையும் உன்னுதுதான்."

சம்பந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியை நன்றியோடு பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா இப்ப சிட்டத்துல ஊர் பேரு எழுதிக் கட்டித் தறிக்கு அனுப்பணுமே. மாத்திக் கட்டினா அந்தம்மா முன்னால மானம் போயிடும். சரி, சாமி மேல பாரத்தைப் போட்டு..." என்றபடி பரமசிவம் வலது பக்கத்துப் பாட்டிலை எடுத்தார். "இதுதான் இத்தாலின்னு வச்சுக்குவோம்."

இந்திராணி நகத்தைக் கடித்தாள். வாசலைப் பார்த்தாள். புருஷன் ஒரு வாரம் கண் பூக்கப் போட்ட சாயம் தப்பான பெயரில் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அது ஸ்பெயினு மொதலாளி, தொண்டை வரைக்கும் துவர்க்கும்," என்றாள் மெதுவாக. "இத்தாலி இந்தாண்ட இருக்குது பாருங்க. நல்லா இருக்கறதுதானே ரெண்டு விரக்கடை அதிகமா கொறைஞ்சிருக்கும்?"