வீட்டாள் கை

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ட்ராக்கில் கார் ஓட்டப் பூபதிக்கு ஹெல்மெட் வேண்டியிருந்தது. "பைக் ஹெல்மெட் போதாதாக்கும்?" என்று கடைப்பெண்ணிடம் எரிந்து விழுந்தான்.

"தீப்பிடிச்சா அதோட உள்துணி உருகி மூஞ்சியில ஒட்டிக்குமுங்க. இது கார் ஹெல்மெட், தீ தாங்கும். ஆனா வீட்டாள் ஒருத்தர் இதுமேல கை வெக்கோணும். நீங்க உசுரோட திரும்பி வரோணும்னு அவுங்க மனசார நெனச்சாத்தான் இதுல இருக்கற மெஷின்ல பச்சை லைட்டு எரியும், இல்லாட்டி சிவப்புதான். அப்பத்தான் விப்போமுங்க."

பூபதி சிரித்தான். வருஷம் தவறாமல் ஆடிப்பெருக்கன்று அவன் ஆயுசுக்கு வேண்டித் தாலிக்கயிறு மாற்றுகிறவள் அவன் மனைவி கோகிலவாணி. அவள் கைக்கு எரியாத பச்சை வேறு யார் கைக்கு எரியும்?

"ஏய், மரமாட்டம் நிக்காம வந்து கையை வெய்யி" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அவளை அதட்டினான்.

அவள் வந்து கை வைத்தாள். சிவப்பு எரிந்தது.

"அழுத்தி வெய்யி, சனியனே!"

அழுத்தினாள். அப்போதும் சிவப்புதான்.

"மெஷின் கெட்டுக் கெடக்குது!" என்று பூபதி கத்தினான்.

சரிபார்க்கக் கடைப்பெண் தன் கையை வைத்தாள். உடனே பச்சை எரிந்தது. "நல்லாத்தானுங்க வேலை செய்யுது" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

கோகிலவாணி கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வாய் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள்.

"ஏனுங்க, வீட்டுல பைக் ஹெல்மெட் இருக்குதல்லங்க? அதையே போட்டுக்கிட்டுப் போங்க."