கொதித்த அண்டாவும் கைகழுவும் வாளியும்

வெள்ளம் வடிந்த கையோடு ஊருக்குள் வயிற்றுப்போக்கு வந்தது. தெருவே கூடி விறகு சேர்த்து, குடிதண்ணீரை அண்டாவில் கொதிக்கவைத்தது. அண்டாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்கிட்ட ஒரு கிருமி பிழைக்குமா?" என்று தளதளத்தது.

"பிழைக்காது அண்ணே" என்றது, கைகழுவக் கிணற்றுத் தண்ணீரோடு பக்கத்தில் நின்ற வாளி.

முதல் டம்ளர் வாங்கிய செண்பகவல்லி உதட்டைச் சுட்டுக்கொண்டாள். "பிள்ளைங்க எப்படிக் குடிக்கும்? கொஞ்சம் விளாவிக் குடுங்க."

வாளித் தண்ணீரை அண்டாவில் கவிழ்த்தார்கள். எல்லாரும் இதமாகக் குடித்தார்கள்.

மறுநாள் வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களிடம் நர்ஸ் கேட்டார். "தண்ணியைக் கொதிக்கவெச்சீங்களா?"

"ஒரு மணி நேரம் சிஸ்டர்."

அத்தனை பேரும் அண்டாவைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அண்டா வாளியை முறைத்தது.

"நானாவா வந்தேன் அண்ணே?" என்றது வாளி. "கூப்பிட்டாங்க."