லிட்டருக்குப் பதினாறு

"மாத்து."

அவள் திடுக்கிட்டாள். கால் தானாக கிளட்சை மிதித்தது. மூன்றிலிருந்து நான்காவது கியர். வண்டியின் உறுமல் அடங்கியது.

பிறகுதான் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர்தான் சொன்னார்.

பக்கவாதம் வந்து பேச்சு நின்றபின் கணவரின் வாயிலிருந்து வந்த முதல் சொல். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மாதக்கணக்கில் முயன்று பார்த்துவிட்டாள். தண்ணி. சோறு. மனைவியின் பெயர். எதுவும் வரவில்லை.

கியர் வந்துவிட்டது.

வடவள்ளியில் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா பேசுங்க. என்ர பேரச் சொல்லுங்க. தேன்மொழி. எங்க, சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கையை விடுவித்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒளிரும் எண்ணைக் காட்டினார்.

லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர்.

பாதி வாயால் சிரித்தார்.

வேகத்துக்காக வாங்கிய கார் அது. சின்ன உடம்பு, பெரிய இழுவை. ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் விரட்டிவிட்டு வருவார். எட்டுக்கு மேல் மைலேஜ் தந்ததே இல்லை. அவள் குறைபட்டுக்கொண்டால், "குதிரைக்குக் கொள்ளு வெக்காம முடியுமா?" என்பார்.

அவர் விழுந்தபின்தான் அவள் ஓட்டக் கற்றாள். பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

அந்தப் பாதிச் சிரிப்பு மறுபடி வேண்டியிருந்தது அவளுக்கு.

மெக்கானிக் ஸ்டீபனிடம் போனாள். அந்த வண்டியை வேகத்துக்கென்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியவன் அவன்தான்.

"அகல டயரக் கழட்டிட்டு, கம்பெனி டயரையே மாட்டிக் குடு."

"மைலேஜுக்காங்கக்கா? அண்ணன் ஒத்துக்க மாட்டாருங்க."

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அவர் சரியென்று தலையசைத்தார்.

ஸ்டீபன் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் சாலையில் இருவருக்கும் வேலை இருந்தது. இன்ஜின் குரல் உயர்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். மாத்து. தூரத்தில் சிக்னல் சிவந்தால் இடது கையைத் தூக்குவார். அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பாள். வண்டி தன்னால் உருண்டு, பிரேக் தேவைப்படாமலே போய் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

பன்னிரண்டு. பதின்மூன்றரை.

பதினைந்து வந்த அன்று பேக்கரியில் நிறுத்தித் தேங்காய் பன் வாங்கினாள். பிய்த்து ஊட்டினாள். அவர் எண்ணையே பார்த்துக்கொண்டு மென்றார்.

அதற்கு மேல் ஏறவில்லை. என்ன செய்தும் ஏறவில்லை. அவர் விடவும் இல்லை. பதினாறைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கண்ணிலேயே தெரியும்.

மழைக்காலத் தொடக்கத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது.

மருத்துவமனையில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதடு அசைந்தது.

"மாத்து."

நர்ஸ் ஓடிவந்து தலையணையை மாற்றினாள்.

தேன்மொழி குனிந்து, அவர் காதில் சொன்னாள்.

"மாத்தீட்டேனுங்க."

காரியமெல்லாம் முடிந்தது. வாடகைக்கு எடுத்திருந்த சக்கர நாற்காலியைக் காந்திபுரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. டிக்கியில் போட்டுக்கொண்டு போனாள். கொடுத்தாள். திரும்பினாள்.

கால் அதன் பழக்கத்தில் ஓட்டியது. மெல்ல மிதித்தது, முன்கூட்டியே கியர் மாற்றியது. அவள் எதையும் நினைக்கவில்லை.

லாலி ரோடு சிக்னலில் எண் மாறியது.

பதினாறு.

"ஏனுங்க—"

இடப்பக்கம் திரும்பிவிட்டாள்.

இருக்கை. அதன்மேல் வெயில்.

எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நாற்காலி இல்லை. ஆளும் இல்லை. வண்டிக்குச் சுமை குறைந்திருக்கிறது.

பச்சை விழுந்தது. நேரே போனால் வீடு. தடாகம் ரோட்டுப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நின்றிருந்தாள். காலடியில் அரிசி மூட்டை.

வண்டியைத் திருப்பி அவள் அருகே நிறுத்தினாள்.

"எங்கீங்க போகோணும்?"

"கணுவாய்க்குங்க."

"ஏறுங்க. நானும் அங்கதான் போறேன்."

மூட்டையைத் தானே தூக்கிப் பின்னால் போட்டாள். அந்தப் பெண் கூச்சத்துடன் முன்னால் உட்கார்ந்தாள். இருக்கை அமுங்கியது.

மலையைப் பார்த்து மேடேறும் சாலை. வண்டி திணறியது. பதினைந்து புள்ளி எட்டு. பதினைந்தரை.

தேன்மொழியின் கண்கள் எதன்மேல் இருக்கின்றன என்று அந்தப் பெண் கவனித்தாள்.

"என்னால உங்களுக்குப் பெட்ரோல் வீணாப் போகுதுங்களே."

"போகட்டுங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் போகட்டும்."