நகம் பதியும் மரம்

தரையில் பதித்திருந்த மாதிரிப் பலகைகளில் எதையும் அந்த அம்மாள் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. செருப்புக் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. உடனே தலையைத் தூக்கி, கடையின் மறுகோடியில் நிற்கும் கணவர் பக்கம் ஒரு பார்வை. பிறகு அடுத்த பலகை.

தேக்கு ஆயிற்று. ஓக் ஆயிற்று. மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த பலகையும் ஆயிற்று.

கடைக்காரர் பின்னாலேயே நடந்தார். தரைக்கு மரம் பார்க்க வருகிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்த்தவர்கள்கூட உண்டு. இப்படி ஏதோ பழைய பகையைத் தீர்ப்பதுபோல் மிதிக்கிறவர்களை அவர் கண்டதில்லை.

கணவரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நுழைந்தபோது கடைக்காரர் சொன்ன வணக்கத்துக்கே பதில் இல்லை. பின்பக்கம் அறுவை மெஷின் வீறிட்டபோது அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். கணவர் சாவகாசமாக வார்னிஷ் நிற அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் சண்டை என்று கடைக்காரர் கணக்குப் போட்டார். வீடு கட்டும்போது சுவர் எழும்புகிறவரை ஒற்றுமையாக இருக்கிற தம்பதிகள், தரைக்கு வரும்போதுதான் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர் பார்க்காததா?

"சாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே மேடம்?"

"அவரைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பலகையை மிதித்தாள்.

கணவர் அசையவில்லை. அவள் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

"இது மூணாவது கடை. நாளைக்குக் காலையில மேஸ்திரி வந்துடுவார். இங்கேயும் அமையலேன்னா டைல்ஸ்தான்." டைல்ஸ் என்பதை ஒரு வியாதியின் பெயரைப் போலச் சொன்னாள். "இப்ப இருக்கிற வீட்டுல அதுதான். நடந்து நடந்து கால்வலிதான் மிச்சம்."

கடைக்காரர் உற்சாகமானார். கால்வலிக்கு மரத்தைவிட உசத்தி உண்டா? ஓக் பலகையைத் தானும் ஒரு மிதி மிதித்துக் காட்டினார். அடியில் ரப்பர் விரிப்பு, அதற்கும் அடியில் சிமெண்ட், எல்லாம் பசை போட்டு ஒட்டியது. இம்மி அசையாது, ஒரு முனகல் வராது என்றார்.

அசையாது என்று அவர் சொல்லச் சொல்ல, அவளுடைய கண்கள் கடையைச் சுற்றி அலைந்தன. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். மறுபடி இந்தத் தோளுக்கு.

"அது என்ன?"

பின்சுவரை ஒட்டி, அறையின் நீளத்துக்கு ஒரு மரமேடை. வெளிர்மஞ்சள் நிறம், ஆங்காங்கே கரும்பழுப்பு முடிச்சுகள்.

"பைன். அது வேணாம் மேடம்."

அவர் மேடையோரம் குனிந்து கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். பலகையில் பிறை விழுந்தது. ஓக்கில் ஓர் இரும்புக் குண்டைப் பாதி புதைக்கிற விசையில் பாதிக்கும் கீழே போதும், பைனில் புதைத்துவிடலாம். வார்னிஷ் மூன்று கோட் போட்டாலும் அது மேலே கண்ணாடி மாதிரி நிற்குமே தவிர, உள்ளே மரம் அமுங்கத்தான் செய்யும். எண்ணெய்ப் பூச்சென்றால் தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சம் மறைக்கலாம். போன வருஷம் பைன் போட்ட ஒருவர், சாப்பாட்டு மேஜையின் நான்கு கால்களும் பதித்த குழிகளைப் படமெடுத்து வந்து, கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தம் போட்டார். அன்றிலிருந்துதான் அதைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்.

"நீங்களும் அடுத்த மாசம் சண்டைக்கு வருவீங்க. போதாததுக்கு, இது மரச்சட்டத்து மேல அடிச்சது. உள்ளே வெறும் பொந்து. இந்த முனையில நடந்தா அந்த முனையில அதிரும்."

"அந்த முனை வரைக்குமா?"

வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் ஓரிடத்தில் நின்றாள்.

பிறகு விறுவிறுவென்று போய்க் கணவரின் சட்டைக் கையைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவரை அழைத்துவந்து மேடையின் கடைசியில், செருப்பைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, சுவரைப் பார்த்து நிற்கவைத்தாள். வகுப்பில் வாத்தியார் நிற்கவைப்பாரே, அப்படி. மனிதரும் மறுபேச்சில்லாமல் நின்றார். கடைக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. பாவம், சண்டையில் தோற்றது யாரென்று தெரிந்துவிட்டது.

அவள் மேடையின் இந்த முனைக்கு வந்தாள். குதிகால் உயர்ந்தது.

"மேடம், செருப்போட வேணாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மிதித்துவிட்டாள்.

கணவர் திரும்பினார்.

"என்ன, கூப்பிட்டியா?"

நாலு கடை தள்ளிக் கேட்கும்படியான குரல். தன் சத்தத்தின் அளவு தனக்கே தெரியாத குரல்.

அவள் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். அவர் சிரித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் காலடியில் நல்ல ஆழமாகவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவரின் காதுகளைப் பார்த்தார்.

அவள் குதிகாலை உயர்த்தி, கணவரை மறுபடியும் கூப்பிட்டாள்.